பனியாறு வராத பள்ளத்தாக்கு

"மாமா, இது யு வடிவம்தானே? அப்போ இங்கே பனியாறு ஓடுச்சா?"

ஊட்டியிலிருந்து இறங்கிய மலை ரயில் கேத்தியில் நின்றபோது என் அக்கா மகள் கேட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், கோவையில். ஆறு அரித்தால் வி வடிவப் பள்ளத்தாக்கு, பனியாறு அரித்தால் யு வடிவப் பள்ளத்தாக்கு என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கேத்திப் பள்ளத்தாக்கு அகலமாகக் கிடந்தது. கீழே கேரட் பாத்திகள், மேலே படிப்படியாகத் தேயிலை, சரிவுகளின் தோள்களில் படகர்களின் ஊர்களான ஹட்டிகள். போதாததற்கு இந்த இடத்தைத் தென்னிந்தியாவின் சுவிட்சர்லாந்து என்றே சுற்றுலாக்காரர்கள் சொல்கிறார்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

பதில் "இல்லை" என்பதுதான். நீலகிரியின் இந்தப் பள்ளத்தாக்குகள் எதையும் பனியாறு குடையவில்லை. எல்லாம் மழையும் ஆறும் மண்ணும் செய்த வேலை. ஆனால் "இல்லை" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால், இந்த மலை காட்டிக்கொண்டிருக்கும் அருமையான பாடம் கைநழுவிப் போகும். அன்று குன்னூர் தாண்டிக் கல்லாறு வரை அவளிடம் பேசிக்கொண்டே வந்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பனியாறு என்ன செய்யும் என்று பார்த்துவிடலாம். உயரமான இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் விழும் பனி, கோடையில் முழுவதும் உருகாமல் மிச்சப்பட வேண்டும். அந்த மிச்சத்தின் மேல் அடுத்த ஆண்டின் மிச்சம், அதன் மேல் இன்னொன்று. இப்படிச் சேரும் எடையில் அடியில் உள்ள பனி இறுகிக் கட்டியாகிறது. பல பத்து மீட்டர் கனம் வந்ததும் தன் எடையாலேயே அது சரிவில் மெல்ல நகரத் தொடங்குகிறது. பனியாறு ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆண்டுக்குச் சில மீட்டர் நகர்வதும் உண்டு, சில நூறு மீட்டர் நகர்வதும் உண்டு.

பனிக்கட்டி பாறையைவிட மென்மையானது. அதனால் தனியாகப் பெரிதாக ஒன்றும் அறுக்காது. ஆனால் அதன் அடியில் சிக்கிய கற்கள்தான் அதற்குப் பல். உப்புத்தாளில் ஒட்டிய மணல் மரத்தை இழைப்பதுபோல அந்தக் கற்கள் பாறைப் படுகையை இழைக்கின்றன. இழைத்த இடத்தில் ஒரே திசையில் நீளமான கீறல்கள் விழுகின்றன. இழைத்த கற்களிலும் தட்டையான முகங்களும் கீறல்களும் ஏற்படுகின்றன. இன்னொரு வேலையும் நடக்கிறது. பனி பாறை இடுக்கில் உறைந்து ஒட்டிக்கொண்டு, நகரும்போது கல்லைப் பெயர்த்து இழுத்துப் போகிறது.

இங்கேதான் ஆற்றுக்கும் பனியாற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு இருக்கிறது. ஆறு பள்ளத்தாக்கின் அடியில் ஒரு சிறு கோடு. அது தொடுவது அந்தக் கோட்டை மட்டும்தான். பனியாறோ பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு நகர்கிறது. அடியையும் இரு பக்கச் சுவர்களையும் ஒரே நேரத்தில் தேய்க்கிறது. அதனால்தான் அகலமான அடியும் செங்குத்தான சுவர்களும் கிடைக்கின்றன.

இமயமலையில் பாகீரதி ஆற்றங்கரைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கங்கோத்ரி பனியாறு இன்று சுமார் 30 கிலோமீட்டர் நீளம். அதன் முகப்பான கோமுக் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் சுமார் 40 கிலோமீட்டர் கீழே, ஜாலா என்ற ஊர் வரை நீண்டிருந்தது. அதனால்தான் ஹர்சில் பக்கம் பள்ளத்தாக்கு அவ்வளவு அகன்று கிடக்கிறது. பனி பின்வாங்கிய பிறகு அதே அகன்ற தொட்டிக்குள் ஆறு இறங்கித் தன் குறுகலான வெட்டைப் போட்டிருக்கிறது. கங்கோத்ரி ஊரிலேயே பாகீரதி ஒடுங்கிய பாறை இடுக்கில் விழுந்து ஓடுவதைக் காணலாம். யு வடிவத்தின் அடியில் ஒரு வி வடிவம். அங்கே தண்ணீர் பாலைக் கரைத்ததுபோல ஓடுவதற்கும் பனியாறுதான் காரணம். பாறை மாவாக அரைபட்டுத் தண்ணீரில் கலந்து வருகிறது.

சரி, நீலகிரியில் ஏன் அது நடக்கவில்லை? குளிர் போதவில்லை என்பதுதான் பதில். இதை ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஊட்டியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 14 டிகிரி. ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் சராசரி பூஜ்யத்தைத் தொட, ஊட்டிக்கு மேலே இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக மலை இருக்க வேண்டும். தொட்டபெட்டாவின் உயரமோ 2,637 மீட்டர்தான். ஊட்டி நகரத்துக்கு மேலே நானூறு மீட்டர்கூட முழுதாக இல்லை. பனியுகத்தின் உச்சத்தில் வெப்பமண்டல மலைகளில் ஐந்தாறு டிகிரி குறைந்திருந்தது. அதைக் கழித்தாலும் ஊட்டியின் சராசரி எட்டு, ஒன்பது டிகிரியில்தான் நிற்கும். அதில் பனி விழுந்திருந்தாலும் தங்காது. கிளிமஞ்சாரோவில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே, பனியாறு இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் உயரம் 5,895 மீட்டர்.

"ஆனா டிசம்பர்ல புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கே மாமா?"

கிடக்கிறதுதான். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, பிறகு உறைபனியாக மாறி, தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கமெல்லாம் விடியற்காலையில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். ஆனால் உறைபனி வானத்திலிருந்து விழும் பனி இல்லை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை இழந்து, காற்றிலிருக்கும் ஈரம் புல்லின் மேல் உறைகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் தேயிலை தப்பித்து, பள்ளத்தில் இருக்கும் தேயிலை கருகும். காலை ஒன்பது மணி வெயிலில் அந்த வெள்ளை எல்லாம் காணாமல் போய்விடும். பனியாறாக வேண்டுமென்றால் கோடையையும் தாண்டி நிற்க வேண்டுமே.

அவலாஞ்சி என்ற பெயரும் பலரைக் குழப்புகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பனிச்சரிவு என்று பொருள். ஆனால் அங்கே சரிந்தது பனி இல்லை, மண். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய நிலச்சரிவுதான் அந்த இடத்துக்குப் பெயரானது. பெயரில் பனி இருந்தாலும் செய்தி மண்ணைப் பற்றியது. மண் சரிவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பனியாறு இந்தியத் தீபகற்பத்துக்கு வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பகுதியாகத் தென்துருவப் பக்கம் இருந்தது. அப்போதைய பனி விட்டுப்போன கற்படுகைகளை ஒடிசாவின் தால்சேரில் 1856இல் கண்டறிந்தார்கள். இன்று நாம் பார்க்கும் கேத்திக்கும் குன்னூருக்கும் அதோடு தொடர்பில்லை.

இனி, பார்வைக்குப் பனியாற்றின் வேலை போலத் தோன்றும் இரண்டு விஷயங்கள். ஒன்று, உருண்டைப் பாறைகள். தேயிலைத் தோட்டத்தின் நடுவே, வீட்டளவு பெரிய பாறை தனியாக உட்கார்ந்திருக்கும். யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்கத் தோன்றும். யாரும் கொண்டுவரவில்லை. அது அங்கேயே இருந்தது. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த கல் இந்த வகைதான், பாறைக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். அந்தக் கல் போனது நம் பல்லாவரத்திலிருந்து. நீலகிரி சார்னோகைட்டின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அதில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அந்த வெடிப்புகள் வழியே இறங்கி, பாறையைச் சுற்றிலும் மண்ணாக்கிக்கொண்டே போகும். கனசதுரமான துண்டுக்கு மூலைகளில்தான் மூன்று பக்கத்திலிருந்தும் தாக்குதல். அதனால் மூலை முதலில் கரையும், நடு கடைசிவரை நிற்கும். பிறகு சுற்றியிருந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போனதும் உள்ளே இருந்த உருண்டை வெளியே வருகிறது. குன்னூர் மலைப்பாதையில் சாலைக்காக வெட்டிய மண்சுவரைப் பாருங்கள். செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும், அவற்றைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்திருக்கும். பாறை இன்னும் பிறந்துகொண்டிருப்பதை நின்று பார்க்கக்கூடிய இடம் அது. நான் எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்து போன பிறகுதான் ஒருநாள் இறங்கிப் பார்த்தேன்.

இரண்டாவது, இந்த அகன்ற பள்ளத்தாக்குகள். இதற்கு விடை கேத்தியில் நின்றுகொண்டு மட்டும் பார்த்தால் கிடைக்காது. தண்ணீரின் பின்னாலேயே போக வேண்டும்.

மலை ரயில் அதற்கு நல்ல வழிகாட்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். முதல் ஏழெட்டு கிலோமீட்டர், கல்லாறு வரை, கிட்டத்தட்டச் சமவெளி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் 1,300 மீட்டர் ஏற வேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம். அங்கேதான் பல்சக்கரத் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை மீண்டும் சாதாரணத் தண்டவாளமே போதும். குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறந்தது, ஊட்டி வரை 1908இல். அந்தப் பொறியாளர்கள் ரயிலுக்காகத்தான் அளந்தார்கள். ஆனால் பல்சக்கரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதுவே இந்த மலையின் வரலாற்றில் ஒரு முக்கியமான எல்லை. மேலே மென்மையான பழைய நிலம். விளிம்பில் செங்குத்தான புதிய வெட்டு. ஒரே ஆறு, இரண்டு வேறு பள்ளத்தாக்குகள்.

நீலகிரி ஒரு கூர்மையான மலைத்தொடர் இல்லை. மோயாற்றுப் பக்கமும் பவானிப் பக்கமும் நிலத்தின் ஆழத்தில் ஓடும் இரண்டு பெரிய பிளவு மண்டலங்களுக்கு இடையே உயர்ந்து நிற்கும் ஒரு மேசை. அந்த மேசையின் மேற்பரப்பு வெகுகாலமாக மழையில் மக்கிக் குன்றும் தாழ்வுமாக மாறிய நிலம். அங்கே ஓடும் ஓடைக்கு இறங்க உயரமில்லை. வேகமில்லாத ஓடையால் ஆழமாக வெட்ட முடியாது. அது வளைந்து வளைந்து ஓடி, பக்கங்களை அரித்து, கொண்டுவந்த மண்ணை அங்கேயே பரப்புகிறது. சரிவிலிருந்து மண் மெல்ல இறங்கி அடியை நிரப்புகிறது. தண்ணீர் வடியாமல் சதுப்பாகிறது. அகன்ற, தட்டையான அடி கிடைத்துவிடுகிறது. வடிவம் ஒன்றுதான், செய்தவர் வேறு. சுவரின் பாறையில் கீறல் இருக்காது, அடியில் பனி குவித்த கற்குவியல் இருக்காது. மக்கிய செம்மண் பல மீட்டர் ஆழத்துக்கு அப்படியே இருக்கும். பனியாறு போயிருந்தால் அந்த மண்ணை வழித்து எடுத்துப் போயிருக்கும். என்னைக் கேட்டால், இங்கே பனி வரவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இந்த இரட்டை வாழ்க்கையை மிக அழகாகக் காட்டுவது பைக்காரா ஆறு. முக்குருத்திப் பக்கம் பிறந்து, புல்வெளிகளுக்கும் சோலைகளுக்கும் நடுவே அவசரமில்லாமல் வருகிறது. மேசையின் வட விளிம்பு வந்ததும் அருவிகளாகக் குதிக்கத் தொடங்குகிறது. இந்த உயரத்தைப் பயன்படுத்தித்தான் 1932இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் வந்தது. விளிம்பிலிருந்து குழாய்களில் இறக்கும் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேல் கீழே வருகிறது. அப்புறம் அந்த ஆறே மோயாறு என்ற பெயரில் தெப்பக்காட்டைக் கடந்து கிழக்கே திரும்புகிறது. அங்கே முதுமலைக் காட்டுக்கு நடுவில் மறுபடியும் கொஞ்சம் நிதானம். பிறகு திடீரென்று நிலம் பிளந்ததுபோலச் சுமார் 20 கிலோமீட்டர் நீளமான ஆழ்ந்த இடுக்கு. கடைசியில் 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது.

மோயாறு ஏன் இவ்வளவு நேராக ஓடுகிறது என்று கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். பிளவு மண்டலத்தில் பாறை நொறுங்கிப் பலவீனமாக இருக்கிறது. ஆறு அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்து அதன் வழியே போகிறது. வலுவான பாறையோடு மோதாமல், வெடித்த இடத்தில் வெட்டிக்கொண்டு போவதுதான் ஆற்றின் இயல்பு.

அருவி என்பது என்ன என்று இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் அருவியை ஓர் இடம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு முனை. விழும் தண்ணீர் அடியில் மடுவைக் குடைகிறது. வெள்ளத்தில் வரும் கற்கள் பாறைப் படுகையின் குழிகளில் சுழன்று சுழன்று குடக்குழிகளைத் தோண்டுகின்றன. அடி பலவீனமானதும் மேலே உள்ள பாறைத் துண்டு வெடிப்போடு பிரிந்து விழுகிறது. அருவி ஓர் அடி பின்னால் போகிறது. இப்படியே மேசையைத் தின்றுகொண்டு உள்நோக்கிப் போகிறது. கேத்தரின் அருவியை டால்பின் மூக்கு என்ற காட்சிமுனையிலிருந்து பார்க்கும்போது, அதன் கீழே உள்ள ஆழமான இடுக்கு முழுவதும் அருவிகள் கடந்து வந்த பாதை என்று நினைத்துப் பாருங்கள். சார்னோகைட் மிகக் கடினமானது என்பதால் இந்த நகர்வு மிக மெதுவானது. அதனால்தான் மேலே இன்னும் கேத்தி போன்ற பழைய பள்ளத்தாக்குகள் மிச்சமிருக்கின்றன. கீழிருந்து ஏறி வரும் வெட்டு இன்னும் அவற்றை எட்டவில்லை.

ஆறு வெட்டுவது ஒரு கோட்டை மட்டும் என்று சொன்னேன். அப்படியானால் பக்கச் சுவர்கள் எப்படிச் சாய்ந்து வி வடிவமாகின்றன? இதற்குப் பதில் நிலச்சரிவு. ஆறு அடியை ஆழமாக்க ஆக்க, மேலே உள்ள சரிவு செங்குத்தாகிறது. கனமழையில் மக்கிய மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. மண்துகள்களுக்கு இடையே நீர் அழுத்தம் ஏறி, ஒன்றை ஒன்று பிடித்திருந்த பிடி தளர்கிறது. ஒரு கட்டத்தில் மொத்தமாக வழுக்கி இறங்குகிறது. ஆறு அதைக் கழுவிக் கீழே கொண்டுபோகிறது. மறுபடியும் வெட்டுகிறது. மலையைப் பொறுத்தவரை இது வழக்கமான வேலை. மனிதருக்கு அது பேரழிவு. 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் நீலகிரியில் நடந்த சரிவுகளில் வீடுகளோடு மக்கள் புதைந்தார்கள். 2009இல் மட்டும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. சென்னையில் பல மாதங்களில் பெய்யும் மழை அது. பெயருக்கு ஏற்றபடி அந்தப் பக்கம் மறுபடியும் மண் சரிந்தது.

சரிவின் அடியை வெட்டிச் சாலையும் வீட்டுமனையும் போடுவது, லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஓர் ஆறு செய்வதை ஜேசிபி ஒரே வாரத்தில் செய்வது. ஓடை வழியை மண்போட்டு அடைப்பது இன்னும் மோசம், வடிய வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள்ளேயே தேங்கும். எங்கள் உறவினர் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு விழுந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் அவர்கள் இரவில் வேறு வீட்டில் போய்ப் படுத்தார்கள். மேலே யாரோ ஓடையைத் திருப்பியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பனியாறு இங்கே வரவில்லை. ஆனால் பனியுகம் வந்தது. இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். நான் சொன்ன அந்தச் சதுப்புகளில், காற்றுப் புகாத நீருக்கடியில் செத்த புல் மக்காமல் கருப்பாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. மரமும் குளிர்-ஈரப் புற்களும் ஒரு விதமாகக் கரிமத்தை எடுத்துக்கொள்கின்றன, வறட்சியைத் தாங்கும் புற்கள் வேறு விதமாக. கரிம அணுக்களில் எடை குறைந்த வகை, எடை கூடிய வகை என்று உண்டு, மண்ணில் அவை இருக்கும் விகிதத்தைப் பார்த்தால் எந்தக் காலத்தில் எது வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். யானை ஆய்வுக்காகப் பலரும் அறிந்த ராமன் சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணில் இதைச் செய்து 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வடக்கே பனி உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இங்கே பருவமழை குன்றி, வறண்ட புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தது. அதாவது, குளிர்ந்த காலத்தில் இங்கே மழையும் குறைவு. பனியாறு உருவாகக் குளிரும் போதவில்லை, ஈரமும் போதவில்லை.

ஆறு வெட்டும் வேகமும் அதோடு ஏறி இறங்கியிருக்கும். மழை குறைந்தால் ஓடை சோம்பும், வலுத்தால் சேர்ந்து கிடந்த மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு இறங்கும். சிவப்புப் பூக்கும் ரோடோடென்ட்ரான், நம் காட்டுப்பூவரசு, இமயத்து மரத்தின் நெருங்கிய உறவு. நடுவே அவ்வளவு பெரிய வெப்பமான நிலம் கிடக்கிறது. குளிர்ந்த காலங்களில் தெற்கே வந்து, சூடானதும் மலையுச்சிகளில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம்.

அப்படி இருபதாயிரம் ஆண்டுக் கணக்கை எழுதி வைத்திருக்கும் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்து, உழுது காயவைத்தால் சில ஆண்டுகளில் அது காற்றில் கரிந்து பொடியாகிவிடும். கோடையில் ஓடைக்குத் தண்ணீர் கொடுப்பதும் அந்தச் சதுப்புதான். ஊட்டியைச் சுற்றி அப்படி வடித்த இடங்கள் நிறைய. மிச்சமிருப்பதையாவது விட்டுவைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ரயில் ஹில்குரோவ் தாண்டிக் கீழே இறங்கியபோது காதடைப்பு விட்டது. கல்லாறில் பல்சக்கரம் முடிந்தது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அவளை மறுபடியும் கல்லாற்றங்கரைக்கே கூட்டிப் போனேன். பெயரிலேயே கல் இருக்கிறது. மலையை விட்டு இறங்கியதும் ஆறு வேகம் இழந்து, தூக்கி வந்த கற்களையெல்லாம் அங்கே போட்டுவிடுகிறது. மேலே செம்மண்ணுக்குள் பார்த்த அதே சார்னோகைட்தான், ஆனால் இங்கே கையில் அடங்கும் வழவழப்பான கூழாங்கல்.

அவள் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கழுவினாள். வெயிலில் சாய்த்துப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தேடறே?"

"கீறல் இருக்கான்னு பாக்கறேன் மாமா."

இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தது.